வாட்ஸ்அப் வீடியோவில் காணி உறுதி முடிக்கலாமா?

கிளிநொச்சியில் நொத்தாரிசு (காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறேன். புதிதாக வேலை பழக வரும் பிள்ளைகள் பெயரிலோ அடையாள அட்டை இலக்கத்திலோ பிழை விடுவதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது தானாகத் திருந்திவிடும். காணி அலுவலாக வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும், சட்டம் இடம் கொடுக்காத சில விஷயங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"சாட்சி பிறகு வந்து வைப்பார்"

இதைக் கேட்டாலே இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பரந்தன் பக்கம் ஒரு வயற்காணி. அண்ணன் கனடாவில் இருந்து தம்பிக்கு விற்கிறார். வீடியோ அழைப்பில் ஐபாட்டில் கையெழுத்து வைத்தார், பி.டி.எஃப். வந்தது, அச்சடித்தார்கள். சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சியும் வைத்தாயிற்று. "சீல் மட்டும் குத்தித் தாங்கோ அண்ணை, வீடியோவும் பதிஞ்சு வச்சிருக்கிறம்" என்று வந்து நின்றார்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, கையொப்பமிடுபவர், நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உறுதி செல்லாது. "இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்டம் வந்திட்டுதே" என்பார்கள். வந்தது உண்மைதான், 2006இல். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு காணி விற்பனை, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), மரணசாதனம் (உயில்) மூன்றையும் வெளியே விட்டிருக்கிறது. அந்தப் பக்கம் வரை யாரும் வாசிப்பதில்லை.

சரி, யாரோ ஒரு நொத்தாரிசு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டாலும், பத்து வருடம் கழித்து வழக்கு வரும்போது சாட்சி கூண்டில் ஏறி, "அவரை நான் கண்டதே இல்லை" என்பார். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று கட்டிய முத்திரை வரி, காணிக்குக் கொடுத்த காசு எல்லாம் அப்போது கேள்விக்குறிதான்.

ஸ்கான் பண்ணிய அற்றோணி

வெளிநாட்டில் இருப்பவர் வழக்கமாக அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திட்டு, மூலப்பிரதியைத் தபாலில் அனுப்புவார். இங்கே அதைப் பதிந்த பிறகுதான் உறுதி வேலை தொடங்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வாசித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இறந்தவர் தந்த அற்றோணி

அவரோடு அதுவும் போய்விட்டது.

பெர்மிட் காணி

வன்னியில் காணி என்று வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது உறுதி இல்லை, அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் (பெர்மிட்). பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. எங்களிடம் வரமுதல் அங்கே போங்கோ.

கடைக் குத்தகை

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இதுவும் நொத்தாரிசு முன்னால்தான். நெல் கொள்வனவு ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம் போன்றவற்றை மின்னஞ்சலிலேயே முடிக்கலாம். அதற்கு என்னிடம் வரத் தேவையில்லை.