புது விண்டோஸ் பிடிக்கவில்லையா? பழசுக்குத் திரும்பும் முன் இதைச் செய்து பாருங்கள்

அப்டேட் முடிந்து திரை வருகிறது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுவைக் காணோம். எரிச்சல் வரத்தான் செய்யும். வயசாகிவிட்டது, மாற்றம் பிடிக்காது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்காக யோசிக்காமலே கை செய்த வேலையை இப்போது ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிச் செய்ய வேண்டியிருக்கிறது, அந்தக் களைப்பு உண்மையானது.

முதலில் ஒரு தாளை எடுத்து, வேலை செய்யும்போது எங்கெல்லாம் தடுக்குகிறதோ அதையெல்லாம் அப்போதைக்கப்போது எழுதுங்கள். ஒரு வாரம் போதும். அப்புறம் அதை இரண்டாகப் பிரியுங்கள்: இடம் மாறியவை, இல்லாமலே போனவை. இதுதான் முக்கியமான வேலை, ஏனென்றால் கோபத்தில் இருக்கும்போது எல்லாமே போய்விட்ட மாதிரிதான் தெரியும், எழுதிப் பார்த்தால் பெரும்பாலானவை வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும்.

இடம் மாறியவற்றில் பலதைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரின் (திரையின் அடியில் இருக்கும் பட்டை) காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள், கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்ற பகுதியில் அலைன்மென்ட் இருக்கும், அதை இடது என்று மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் மூலைக்கு வந்துவிடும். ரைட் கிளிக் மெனுவில் காப்பி, கட், பேஸ்ட் எல்லாம் சின்னச் சின்ன ஐகான்களாக ஒரே வரிசையில் நிற்கின்றன, விண்டோஸ் 11-இன் முந்தைய பதிப்புகளில் அவற்றுக்குப் பெயர்கூட இல்லாததால் வார்த்தையைத் தேடும் கண்ணுக்கு அவை படவே இல்லை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய நீள மெனு நேராக வந்துவிடும்.

இதைவிட நல்ல வழி கீபோர்டு. திரையை எத்தனை தடவை மாற்றினாலும் ஷார்ட்கட்களில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. விண்டோஸ் கீயை அழுத்திவிட்டு புரோகிராம் பெயரை டைப் செய்வது விண்டோஸ் விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்து ஓடுகிறது. விண்டோஸ் கீயும் ஈயும் சேர்ந்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், எக்ஸ் சேர்ந்தால் டிவைஸ் மேனேஜர் (கணினியின் கருவிகளைக் கவனிக்கும் இடம்) மாதிரி விஷயங்களுக்கான மெனு. இந்த மூன்று பழகினாலே அடுத்த பதிப்பு வரும்போது பாதிக் கவலை இருக்காது.

சரி, உண்மையிலேயே எடுத்துவிட்டதை என்ன செய்வது? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே தூக்கியது. எதிர்ப்பு வந்தது, 2013-இல் 8.1-இல் பட்டன் திரும்பியது, 2015-இல் விண்டோஸ் 10-இல் மெனுவும் திரும்பியது. விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரில் ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி இல்லை, அதுவும் 2023-இல் திரும்ப வந்தது. விண்டோஸ் கீயும் எஃப்பும் அழுத்தினால் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கருத்து அனுப்பும் ஃபீட்பேக் ஹப் திறக்கும். மோசம் என்று மட்டும் எழுதாமல், எந்த வேலை, முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை என்று எழுதுங்கள். ஏற்கனவே யாராவது சொல்லியிருந்தால் புதிதாக எழுதாமல் அதற்கு ஓட்டுப் போடுங்கள்.

அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு ஓபன்-ஷெல் போன்ற இலவச மென்பொருள்கள் பழைய பாணி ஸ்டார்ட் மெனுவைத் தரும். ஆனால் பெரிய அப்டேட் வரும்போது இவை உடையலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கணினியில் கேட்காமல் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், 2011-இல் அங்கே க்னோம் 3 என்ற புது டெஸ்க்டாப் பிடிக்காதவர்கள் பழைய க்னோம் 2-இலிருந்து மாட்டே என்று தனி டெஸ்க்டாப்பையே உருவாக்கிக்கொண்டார்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம், ஆனால் மேம்படுத்திய பின் பொதுவாக 10 நாள்தான் அவகாசம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிகவரி, அங்கே கோ பேக். இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபைல்களை அதற்குள் அழித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். உங்கள் ஃபைல்கள் இருக்கும், இடையில் போட்ட புரோகிராம்கள் போய்விடும், எதற்கும் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பாதுகாப்பு அப்டேட் கிடைக்க ஏற்பாடு இல்லாத கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.