பலகாரத்துக்கு ஒரு நேரம்: பண்டிகை மாதத்தில் பிள்ளைகளின் பற்களைக் காப்பது எப்படி

சிவப்பு மூடி போட்ட பலகார டப்பாக்களை வரவேற்பறை மேசையிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளின் பற்களுக்காக உங்களால் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விருந்தினர் வரும்போது டப்பாவை எடுத்து வரலாம், போனதும் திரும்ப வைத்துவிடலாம்.

நான் பல் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். மலேசியாவின் பினாங்கில் 1949 முதல் இயங்கிவரும் பல் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். பிறகு பட்டர்வொர்த், பிறை வட்டாரப் பள்ளிகளுக்குக் கருவிப் பெட்டிகளோடு போய், நூலக அறையிலோ மண்டபத்து மூலையிலோ நாற்காலியை விரித்துப் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதுதான் வேலை. “மிஸ்ஸி, வலிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறக்கும் பிள்ளைகளிடம் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு என்ன பார்ப்பேன் என்பது எனக்கு மனப்பாடம். அதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டப்பாவை ஏன் மறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேலுள்ள அழுக்குப் படலத்தின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் என்று காட்டும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மாற்றி, இழந்த தாதுக்களில் ஒரு பகுதியைப் பல்லுக்கே திருப்பிக் கொடுக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். மதியச் சாப்பாட்டோடு நான்கு நெய் உருண்டை தின்ற பிள்ளைக்கு இந்தச் சரிவு ஒரு தடவைதான் நடக்கிறது. அதே நான்கு உருண்டையை அரை மணிக்கு ஒன்றாக, மேசையைக் கடக்கும்போதெல்லாம் எடுத்துத் தின்றால், உமிழ்நீர் தன் வேலையை முடிக்கும் முன்பே அடுத்த சரிவு வந்துவிடும். தின்ற சர்க்கரை ஒன்றுதான், பல் பட்ட பாடு நான்கு மடங்கு.

சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற இடத்தில் 1940களின் நடுவில் தொடங்கி, மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்களுடைய சம்மதம் இல்லாமல், பற்கள் கெடும் என்று எதிர்பார்த்தே இனிப்பு கொடுத்த அந்தச் செயலை என்னால் ஏற்க முடியாது. ஆனாலும் அவர்கள் இழந்த பற்கள் சொன்ன உண்மை நிற்கிறது: சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த இனிப்பு அதிகக் கெடுதல் செய்யவில்லை, சாப்பாட்டுக்கு இடையில் கொடுத்த, பல்லில் ஒட்டும் டாஃபிதான் சொத்தையை வேகமாகப் பெருக்கியது.

ஆகவே தீபாவளியன்று பலகாரத்துக்கு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தோசையும் கறியும் சாப்பிட்ட கையோடு ஒரு தட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தட்டு. மாலை விருந்தில் ஒன்று. தட்டில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். பிள்ளை விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும். தட்டு முடிந்ததும் ஒரு குவளை வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பாட்டி தாத்தாவிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். “பேரப்பிள்ளை சாப்பிடுகிற வயது” என்பார்கள். சாப்பிடட்டும் பாட்டி, நேரத்துக்குச் சாப்பிடட்டும் என்று சொல்லுங்கள்.

வீடு வீடாகப் போகும் நாளில் இது சிரமம்தான். ஒரு வீட்டில் அதிரசம், அடுத்த வீட்டில் ஜிலேபி, எல்லா வீட்டிலும் ரோஸ் சிரப். வேண்டாம் என்றால் மனம் நோகும். நான் சொல்லும் வழி இது: கையில் ஒரு சிறிய டப்பா கொண்டுபோங்கள். “அத்தை, பிள்ளை இப்போதுதான் சாப்பிட்டான், இதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டோடு கொடுக்கிறேன்” என்றால் எந்த அத்தையும் கோபித்துக்கொள்ளமாட்டார். இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டுக் கொடுப்பார். சிரப்புக்குப் பதில் தண்ணீர் கேளுங்கள். டின்னில் வரும் இனிப்புப் பால் ஊற்றிய தேநீரையும் மைலோவையும் பிள்ளை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பது மிட்டாயைச் சப்புவதற்குச் சமம்.

முறுக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரம்தானே, பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் பெரும்பாலான தாய்மார்கள் நினைக்கிறார்கள். அரிசி மாவும் உளுந்து மாவும் வெந்தபின் வாயிலேயே உமிழ்நீரால் சர்க்கரையாக உடைகின்றன. முறுக்கு, ஓமப்பொடி, உருளைக்கிழங்குச் சிப்ஸ் மூன்றும் மென்றபின் பசைபோல் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அடைந்துகொண்டு அங்கேயே கிடக்கும். சாக்லேட்டாவது உருகி ஓடிவிடுகிறது.

அந்தப் பள்ளங்கள் எந்தப் பல்லில் ஆழமாக இருக்கின்றன தெரியுமா? ஆறு வயதுவாக்கில், பால் பற்கள் ஒன்றுமே விழாமல், அவற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லில். அது பால் பல் அல்ல. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப் பல். பல் விழுந்து அந்த இடத்தில் முளைக்காததால் பெற்றோர் அதைக் கவனிப்பதே இல்லை. முழு உயரம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமலே போய்விடும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நான் பார்த்து வருந்திய சொத்தைகளில் பல இந்தப் பல்லில் வந்தவைதான். உங்கள் பிள்ளைக்கு 5 முதல் 7 வயதுக்குள் என்றால் இன்று இரவே விளக்கடியில் உட்காரவைத்து, கடைசிப் பல்லுக்குப் பின்னால் பாருங்கள். முளைத்திருந்தால், பிரஷைக் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து குறுக்காக நுழைத்து அந்தப் பல்லின் மேற்புறத்தை மட்டும் தனியாகத் தேயுங்கள். பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைக்கும் சிகிச்சையும் உண்டு. வலி இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெல்லம், கருப்பட்டி, தேன், குலா மலாக்கா எனும் பனைச் சர்க்கரை எல்லாம் நல்லது என்ற நம்பிக்கை பல்லைப் பொறுத்தவரை உதவாது. கிருமிக்கு எல்லாம் சர்க்கரைதான்.

இப்போது ஹாலோவீன். பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் பக்கத்துக் குடியிருப்புகளில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு வாளியோடு கதவு தட்டுகிறார்கள். நம் பிள்ளைகளும் போகிறார்கள். 2024இல் தீபாவளியும் அதே நாளில் வந்தது. வாளி வீட்டுக்கு வந்ததும் தரையில் கொட்டி, பிள்ளையோடு சேர்ந்து பிரியுங்கள். சாக்லேட் ஒரு பக்கம்: இது பரவாயில்லை, பலகாரத் தட்டில் சேர்த்துக்கொள்ளலாம். டாஃபி, ஜெல்லி மிட்டாய் போன்ற ஒட்டுகிற வகை இன்னொரு பக்கம்: சாப்பாட்டோடு மட்டும், குறைவாக. லாலிபாப்பும் சப்பி உண்ணும் கெட்டி மிட்டாயும் மூன்றாவது பக்கம்: ஒரு மிட்டாய் கால் மணி நேரம் வாயில் கிடக்கும், இவற்றைப் பிள்ளையின் சம்மதத்தோடு அகற்றிவிடப் பாருங்கள். புளிப்புத் தூள் தூவிய மிட்டாய்களை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். அவற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் கிருமியின் உதவி இல்லாமலே எனாமலை இளகச் செய்யும். சப்பிக்கொண்டே இருக்கும் அசாம் போய் என்ற புளிப்பு உலர்பழமும் அந்த வகைதான். புளிப்பு தின்றவுடன் பல் துலக்கினால் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள்.

இரவுத் துலக்கலை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும்; பகலில் கிடைக்கும் பாதுகாப்பு இரவில் இல்லை. மத்தாப்பு கொளுத்தி முடித்து, சுங்கை பட்டாணியிலிருந்தோ புக்கிட் மெர்தாஜாமிலிருந்தோ திரும்பும் வழியில் பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிடுவார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பி யாரும் பல் துலக்கிவிடப்போவதில்லை. அதனால் பிரஷையும் பற்பசையையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். உறவினர் வீட்டிலேயே துலக்கிவிட்டுக் காரில் ஏற்றுங்கள்.

பற்பசை வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பின்புற எழுத்தைப் படியுங்கள். பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சிறுவர் பற்பசை என்று விற்பவற்றில் சிலவற்றில் ஃபுளோரைடே இல்லை. 3 வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு போதும். நுரையைத் துப்பியபின் வாய் கொப்பளிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். மலேசியாவில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972இலிருந்து நாட்டின் கொள்கையாக இருக்கிறது. பினாங்குக் குழாய் நீரிலும் அது உண்டு. வீட்டில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை வடிகட்டி இருந்தால் அது ஃபுளோரைடையும் பெருமளவு நீக்கிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் பற்பசையில் இன்னும் கவனம் தேவை.

பண்டிகை முடிந்த வாரத்தில் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறையொட்டி, முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் நிலை. பழுப்பாகிக் குழி விழும் முன் ஃபுளோரைடு சிகிச்சையால் அதை நிறுத்தவும் மீட்கவும் முடியும். “பால் பல்தானே, விழத்தானே போகிறது” என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, கீழே காத்திருக்கும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

பள்ளியில் பல் பரிசோதனைக்கான அனுமதிப் படிவம் வந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புங்கள். பள்ளிக்குப் போகாத சிறுவர்களை அரசாங்கப் பல் சிகிச்சையகத்துக்கு நீங்களே அழைத்துப் போகலாம். பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டை எடுத்துச் செல்லுங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.