காப்பர்-டி இருக்கும்போதே கர்ப்பமா? செய்யக்கூடாதவை

"காப்பர்-டிதான் போட்டிருக்கே, அப்புறம் எப்படி?" என்று நாள் தள்ளிப்போனதைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் முதல் தவறு. காப்பர்-டி என்பது கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம். ஓராண்டில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இப்படி நடக்கும், ஆனால் நடக்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் தாமதிக்காமல் ஸ்கேன் எடுங்கள். சாதனம் இருக்கும்போது உண்டாகும் கரு, கருக்குழாயில் தங்கிவிடும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். அடிவயிற்றில் ஒருபக்க வலி, மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் அது அவசர சிகிச்சைக்கான நேரம்.

கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த பயம் வரும்: கம்பி குழந்தையைக் குத்திவிடுமோ, ஊனமாகப் பிறக்குமோ? சாதனம் பனிக்குடத்துக்கு வெளியேதான் இருக்கும். காப்பரால் பிறவிக் குறைபாடு கூடுவதாக ஆதாரமில்லை. இந்தப் பயத்தில் மட்டும் கருவைக் கலைக்க அவசரப்பட வேண்டாம். (காப்பருக்குப் பதில் ஹார்மோன் வெளியிடும் சாதனம் என்றால் தரவு குறைவு, மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.)

உண்மையான ஆபத்து வேறு: கருச்சிதைவு, கிருமித்தொற்று, பனிக்குடம் முன்கூட்டியே உடைதல், குறைப்பிரசவம். சாதனத்தை உள்ளேயே விட்டால் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் கலைந்துபோகலாம். "தொட்டால் கலைஞ்சிடும், அப்படியே இருக்கட்டும்" என்ற அறிவுரையை நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுவது அதனால்தான். எடுப்பதிலும் சிறு அபாயம் உண்டு. ஆனாலும் சாதனத்திலிருந்து கர்ப்பப்பை வாய்வழியே தொங்கும் நூல் தெரிந்தால் முதல் மூன்று மாதத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவர் எடுத்துவிடுவதே நல்லது. கருச்சிதைவு, குறைப்பிரசவ அபாயம் கணிசமாகக் குறையும், முழுதாக நீங்காது. நீங்களே நூலை இழுத்துப் பார்க்காதீர்கள்.

நூல் தெரியவில்லையா? விழுந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கர்ப்பப்பை வளர வளர நூல் மேலே இழுபட்டிருக்கலாம். எங்கே இருக்கிறதென்று ஸ்கேன் பார்க்காமல் உள்ளே துழாவுவதும் கூடாது. எடுக்க வழியில்லை என்றால் கர்ப்பம் தொடரலாம், ஆனால் நெருக்கமான கண்காணிப்போடு. காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு, நீர் கசிவு எதையும் "சாதாரணம்" என்று ஒதுக்காதீர்கள். 1970-களில் டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தோடு கர்ப்பமான சிலர் தொற்றால் இறந்தார்கள். 1974-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. பல இழைகள் கொண்ட அதன் நூல் கிருமி ஏற வழிவிட்டது. இன்றைய ஒற்றை இழை நூல் பாதுகாப்பானது என்றாலும், கர்ப்பத்தில் தொற்று வந்தால் வேகமாகவே பரவும்.

பிரசவத்தன்று நஞ்சுக்கொடியோடு சாதனமும் வெளியே வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், பிறகு ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்து எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும்.