தனியாகக் கூடாரம் அடித்து இரண்டு இரவு: மனம் அடங்க ஒரு செய்முறை

மனம் கொஞ்சம் அடங்கட்டும், நம்மோடு நாமே இருந்து பார்ப்போம் என்று தனியாகக் கூடாரத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மனத்துக்கான ஏற்பாடுகளைத்தான் முதலில் செய்கிறார்கள். எந்தத் தியானம், எத்தனை மணிக்கு எழுவது, எதை எழுதுவது என்று. பல முறை போய்வந்த பிறகு நான் இந்த வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் உடம்பு நிம்மதியாக இருக்க வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டோ, வெளியே என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டோ படுத்திருப்பவருக்குப் பிரார்த்தனை வராது. அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றித்தான் இருக்கும்.

கூடாரம் அடிப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதோடு வரும் தாளில் படம் போட்டிருக்கும். வீட்டுப் பக்கத்திலேயே பகலில் ஒரு முறையும் இருட்டில் ஒரு முறையும் அடித்துப் பாருங்கள், போதும்.

1. நாள்: நிலவைப் பார்த்துக் குறியுங்கள்

வானிலையை எல்லோரும் பார்ப்பார்கள், நிலவை மறந்துவிடுவார்கள். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வரும் இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாட்களில் சூரியன் மறையும்போதே நிலவு வானத்தில் ஏறியிருக்கும். முன்னிரவு முழுக்க வெளிச்சம் கிடைக்கும். பௌர்ணமி கழிந்துவிட்டால் நிலவு எழுவது ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். வெளிச்சம் மிகவும் தேவைப்படுகிற அந்த முன்னிரவில் அது இருக்காது. அமாவாசையில் நட்சத்திரங்கள் அற்புதமாகத் தெரியும், உண்மைதான். அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்றால், குறைந்தது இரண்டு இரவு. ஓர் இரவு இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடும். எதற்காகப் போனீர்களோ அது பெரும்பாலும் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும்.

2. இடம்

அனுமதியோடு தங்கக்கூடிய இடமாக இருக்கட்டும். நடு இரவில் யாராவது எழுப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற நினைப்பு இருந்தால் எதுவும் நடக்காது. முதல் தடவை அடர்காடு வேண்டாம். அரை மணி நேரம் நடந்தால் ஆட்களைப் பார்க்க முடிகிற தொலைவே போதுமான தனிமை. பெரிய விலங்குகள் நடமாடும் பகுதியை விட்டுவிடுங்கள். துணிச்சலைச் சோதிக்க நாம் போகவில்லை.

கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை மேலே தொங்கினால் அங்கே வேண்டாம், அது காற்று இல்லாமலும் விழும். வறண்ட ஓடையின் மணல் படுக்கை சமமாக, அழகாக இருக்கும். எங்கோ மேலே பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும். பள்ளத்தின் அடியிலும் போடாதீர்கள், இரவில் குளிர்ந்த காற்று கனத்து அங்கேதான் வந்து தேங்கும். சற்று மேடான இடமாக, நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

3. எடுத்துப்போவது

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: கூடாரத்தில் மிச்சம் பிடியுங்கள், படுக்கைக்கு அடியில் விரிக்கும் ‘மேட்’ என்ற பாயில் செலவழியுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நம் எடையில் நசுங்கிவிடுவதால் அடிப்பக்கம் அது சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது மேட்தான். சூடு தரைக்குப் போவதை அது எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணுக்கு ஆர்-மதிப்பு என்று பெயர், அது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. வெதுவெதுப்பான பருவத்துக்கு 2 போதும், தரை சில்லிடும் இடத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் பாருங்கள். காற்று ஊதும் மேட் வகையைவிட எனக்கு ஃபோம் மேட்தான் பிடிக்கும். முள் குத்தினாலும் கவலையில்லை, பகலில் மடித்துப்போட்டு உட்காரலாம். இந்தப் பயணத்தில் உட்காருவதுதான் முக்கிய வேலை.

ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்று போட்டதை மட்டும் நம்புங்கள், மற்றவை தாக்குப்பிடிப்பதற்கான எல்லைகள். மலையில் ஏறினால் 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரவின் கடுங்குளிர் நள்ளிரவில் வருவதில்லை, விடியும் நேரத்தில்தான் வரும். காலையில் உட்கார நினைக்கிறவர்களுக்கு இன்னொரு கம்பளிச் சட்டை அவசியம்.

தலையில் மாட்டிக்கொள்ளும், சிவப்பு வெளிச்சமும் உள்ள ஹெட்லாம்ப், விசில், சாதாரணக் கைக்கடிகாரம், நோட்டு, பென்சில். கடிகாரம் எதற்கு என்றால், நேரம் பார்க்கிற சாக்கில் போனை எடுக்காமல் இருக்க. ஈரத்தாளிலும் எழுதும் என்பதால் பென்சில். புத்தகம் வேண்டாம், அது எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும் சரி. தியானம் சொல்லித்தரும் செயலியும் வேண்டாம். இன்னொருவரின் குரலை இரண்டு நாள் நிறுத்திவைக்கத்தான் போகிறோம்.

சமைக்கத் தேவையில்லாத உணவை எடுத்துக்கொண்டால் அடுப்பே தேவையில்லை. ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தால் மட்டும் அடுப்பு வேண்டும். தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

4. ஒருவரிடம் எழுதிக்கொடுங்கள்

எந்த இடம், எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் அவர் உதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும். இந்த நான்கையும் நம்பிக்கையான ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். ‘ரெண்டு நாள்ல வந்துடுவேன்’ என்று வாயால் சொல்வது போதாது. சிக்னல் இல்லாத இடம் என்றால், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாய அழைப்பு அனுப்பும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. இதைச் செய்த பிறகு போனை அணைத்துப் பையின் அடியில் வையுங்கள். உங்களைத் தேட ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் நிம்மதியாக அணைக்க முடிகிறது.

5. இருட்டின பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம்

தனியாகப் போகிறவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவதோ, போனை எடுத்து யாரையாவது கூப்பிடுவதோ பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். பகலில் ஒன்றும் தெரியாது. வெயில் இறங்க இறங்க நெஞ்சுக்குள் காரணமில்லாத ஒரு வெறுமை வரும். பின்னாலேயே பயமும் வரும். எனக்கும் மிகக் கடினமாக இருந்த கட்டம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உணவையும் மணம் வீசும் பொருட்களையும் கூடாரத்துக்குள் வைக்காமல் தள்ளி, உயரத்தில் கட்டிவையுங்கள். காலணி, விளக்கு, விசில், சாவி நான்கும் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கக்கூடிய ஒரே இடத்தில் இருக்கட்டும். எழுந்து போக வேண்டுமானால் போகலாம் என்று தெரிந்த மனம்தான் உட்கார ஒப்புக்கொள்ளும்.

சரி, இப்போது முக்கியமானது. இருட்டும்போது கூடாரத்துக்குள் போகாதீர்கள். உள்ளே படுத்தால் சத்தம் எல்லாம் கேட்கும், எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் கற்பனை நிரப்பிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே மரத்திலோ பாறையிலோ முதுகைச் சாய்த்து வெளியே உட்காருங்கள். இருட்டு ஒரேயடியாக வருவதில்லை. அது மெல்ல மெல்ல வருவதை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

விளக்கைப் போடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விளக்கு எரிந்தால் காலடியில் மட்டும் வெளிச்சம், அதற்கு அப்பால் முன்பைவிட இருட்டு. தேவைப்பட்டால் சிவப்பு விளக்கைப் போடுங்கள், அது அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. அரை மணி நேரம் பொறுத்தால் நிலவு வெளிச்சத்தில் பாதை, பாறை, மர நிழல் எல்லாம் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

இனி சத்தங்கள். காய்ந்த சருகில் ஓடும் ஒரு சின்ன எலியின் சத்தம் ஓர் ஆள் நடந்துவருவது போலவே கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள்: இலை, பூச்சி, தண்ணீர், பறவை. தெரியாத சத்தம் வந்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். சொல்லிப் பழகிய பிரார்த்தனையோ பாட்டோ இருந்தால் வாய்விட்டே சொல்லுங்கள். பல மணி நேரம் பேசாமல் இருந்த பிறகு கேட்கும் சொந்தக் குரல் நல்ல துணை. நான் இதைத் தனிப் பயிற்சியாகவே நினைக்கிறேன். தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் பல தியானமுறைகளும் வேறு வேறு வழியில் கேட்கின்றன. இங்கே காடு அதை நேரடியாகவே கேட்கிறது.

காரணமுள்ள பயமும் உண்டு, அதை அடக்கக் கூடாது. இடி முழங்கினால் மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 3 நொடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 நொடிக்குள் வந்துவிட்டால் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும், கூடாரம் மின்னலைத் தடுக்காது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப வேண்டும். ஆட்கள் நெருங்கி வந்து மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றால் யோசிக்காமல் எழுந்து ஆட்கள் உள்ள பக்கம் போங்கள். ஆபத்தில் மாட்டிக்கொண்டால் விசிலை மும்மூன்றாக ஊதுங்கள், பல நாடுகளில் உதவிக்கான அழைப்பு அது.

6. நடுவில் உள்ள நாள்

கால அட்டவணை போடாதீர்கள். விடியும்போது ஓர் அமர்வு, இருட்டும்போது ஓர் அமர்வு, இடையில் மெதுவாக ஒரு நடை. கூடாரத்திலிருந்து பார்வை மறையாத தூரத்துக்குள்ளேயே நடக்கலாம். காலை பாதி போனதும் பயங்கரமாகச் சலிக்கும், கை போனைத் தேடும். கட்டிய கயிறுகளையே மறுபடி கட்டத் தோன்றும். செய்யாமல் உட்கார்ந்திருங்கள். அந்தச் சலிப்புக்கு அடியில்தான் நாம் தள்ளிவைத்த விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன.

கேள்வியோடு போகிறீர்களென்றால் ஒரே ஒரு கேள்வி. கிளம்பும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பகலில் அதற்குப் பதில் தேட வேண்டாம். மாலையில் மட்டும் தோன்றியதை எழுதுங்கள், அதுவும் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். உண்ணாநோன்பு முதல் தடவை கூடவே கூடாது. வெறும் வயிற்றில் உடம்பு குளிரைத் தாங்காது, தலை சுற்றி விழுந்தால் பக்கத்தில் யாரும் இல்லை.

7. திரும்புவது

கொண்டுபோனதெல்லாம் திரும்ப வர வேண்டும், தாளும் தோலும் உட்பட. மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதுவும் நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி. போனை இயக்கியதும், யாரிடம் எழுதிக்கொடுத்தீர்களோ அவருக்கு மட்டும் ‘வந்துவிட்டேன்’ என்று அனுப்பிவிட்டு மறுபடி அணையுங்கள். வீடு வந்த அன்று அரை நாளாவது எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கூடாரத்தை ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், விரித்துக் காயப்போடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

மழையே இல்லாமல் கூடாரத்துக்குள் நீர் சொட்டுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அது ஓட்டை இல்லை. நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மூடாமல் திறந்துவையுங்கள்.

இரண்டாம் நாள் அழுகை வந்துகொண்டே இருந்தது என்றும் சிலர் எழுதினார்கள். வரட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் சமீபத்தில் ஒருவரை இழந்திருக்கிறவர்களும் மனச்சோர்வில் இருக்கிறவர்களும் இப்போதைக்குத் தனியாகப் போகவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நண்பர் ஒருவர் தன் கூடாரத்தில் இருக்கட்டும். பேசிக்கொள்ளாமலேயே இரண்டு நாள் இருக்கலாம்.

விலங்குகளைவிட மனிதர்களை நினைத்துத்தான் பயம் என்று பெண்கள் பலர் சொன்னார்கள். நியாயமான பயம். ஊழியர்கள் உள்ள, முன்பதிவு செய்து தங்கும் தளத்தையே எடுங்கள். வழியில் யார் கேட்டாலும் ‘பின்னால் ஆட்கள் வருகிறார்கள்’ என்றே சொல்லுங்கள், அங்கே உண்மை சொல்ல வேண்டிய கடமை இல்லை. படங்களையும் இடத்தின் பெயரையும் வீடு வந்து சேர்ந்த பிறகு மட்டும் பகிருங்கள்.