கானமயில் கணக்கெடுப்புக்குப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேரை ஒட்டிய பாலைவன தேசியப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் (Great Indian Bustard) என்ற பெரிய தரைப்பறவை இன்னும் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் முக்கியமானது இது. இங்கே கணக்கெடுப்புக் குழுவில் தன்னார்வலராக இடம் கிடைத்ததும், பலர் முதலில் பெரிய லென்ஸைத்தான் துடைக்க ஆரம்பிக்கிறார்கள். பறவையைப் பார்க்கப் போவது வேறு, எண்ணப் போவது வேறு.

நிலத்தை 144 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மண் தடத்தில் ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே எண்ணுவார்கள். கானமயிலோடு மற்ற விலங்குகளையும் குறிப்பார்கள். சிங்காரா மான் தெரிந்தால் எத்தனை என்பதோடு எவ்வளவு தூரத்தில் என்றும் எழுத வேண்டும். அந்தத் தூரங்களை வைத்துத்தான், நம் கண்ணில் படாமல் போனவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். புதியவர்கள் "ஒரு இருநூறு மீட்டர் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவார்கள். ஒப்பிட மரமோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில் கண் நன்றாகவே ஏமாற்றும். லேசர் தூரமானியில் பார்த்து எழுதுங்கள். அதுவும் மான் முதலில் நின்ற இடத்தின் தூரம். வண்டியைக் கண்டு ஓடிப்போய் நின்ற இடத்தின் தூரம் அல்ல.

காலை முழுக்கச் சுற்றியும் ஒன்றும் தெரியவில்லையா? சரி, பூஜ்யம் போடுங்கள். வெறும் படிவத்தைக் கொடுக்கக் கூச்சப்பட்டு, நேற்றுப் பக்கத்துக் கட்டத்தில் பார்த்ததை இதில் சேர்த்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து கானமயில் சாயலில் உள்ள ஹுபாரா என்ற பறவை வரும். கானமயிலைவிட அது மிகவும் சிறியது, ஆனால் தூரத்தில் ஆசை கண்ணை மறைக்கும். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

கானமயில் வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். படத்துக்காக இன்னும் பத்தடி நெருங்கினால் தாய் எழுந்து போய்விடும். முட்டை நரிக்கோ நாய்க்கோ காக்கைக்கோ போகும். எடுத்த படத்தை இடக்குறிப்போடு இணையத்தில் போடுவதும் கிட்டத்தட்ட அதே தப்புதான்.

மின்கம்பிக்குக் கீழே இறகு கிடந்தால் ஞாபகார்த்தமாகப் பையில் போடாதீர்கள். இந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பியில் மோதிச் சாவது அதன் அழிவுக்குப் பெரிய காரணம், அந்த இறகு அதற்குச் சாட்சி. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு குழுத் தலைவரிடம் சொல்லுங்கள்.

சிக்னல் கிடைக்காதே என்று சேட்டிலைட் போன் கொண்டுபோகும் யோசனை வேண்டாம். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். இது பாகிஸ்தான் எல்லைப் பகுதி வேறு.

பாலைவனம் என்றால் ஆளில்லாத இடம் என்று நினைக்காதீர்கள். பூங்காவுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன. கானமயிலுக்கு அங்கே 'கோடாவண்' என்று பெயர். ஆடு மேய்ப்பவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எங்கே பார்த்தார் என்று சொல்வார். சாமிக்கு விட்ட 'ஓரண்' நிலங்களில் மரம் வெட்டுவதில்லை. நம் ஊர்க் கோயில்களில் பார்க்கும் அதே வன்னி மரம் அங்கேயும் நிற்கும். குளிர் காய்வதற்காக அதன் கிளையை ஒடித்துவிடாதீர்கள்.

அப்புறம், இருட்டில் வெறும் செருப்போடு நடக்க வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டை விரியன் இரவில்தான் வெளியே வரும். காலையில் ஷூவை நன்றாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.