டர்பன் தமிழ் வெப் சீரிஸுக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எடுக்கப்படும் தமிழ் வெப் சீரிஸ் பெரும்பாலும் கதை சரியில்லாமல் விழுவதில்லை. முதலில் தப்பான ஆட்களிடம் போய்ச் சேர்வதால்தான் விழுகிறது. தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்து, விளக்கத்தில் ‘தமிழ் காமெடி’, ‘தமிழ் ஃபேமிலி டிராமா’ என்று நிரப்பினால் யூடியூப் அதைச் சென்னைக்கும் மதுரைக்கும் காட்டும். அங்கே இருப்பவர் நம் உச்சரிப்பையும் ஆங்கிலக் கலப்பையும் கேட்டுவிட்டு அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். நிறையப் பேர் அப்படிப் போனால் வீடியோவைப் பரிந்துரைப்பதே குறைந்துவிடும்.

அதனால் முதல் ஆயிரம் பேர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா போன்ற இந்தியர் வாழும் பகுதி ஆட்கள் என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். தலைப்பில் ஆங்கிலம் முதலில், தமிழ் பிறகு. 100 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் போனில் பாதிக்கு மேல் வெட்டுப்படும். எனவே ஊர்ப் பெயரோ கதையின் முடிச்சோ முன்னாலேயே வரட்டும்.

சப்டைட்டில்

1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தொடங்கிய வரவின் வாரிசுகளுக்கு இன்று வீட்டுப் பேச்சு ஆங்கிலம். காவடி எடுப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், ஆனால் வேகமான தமிழ் வசனம் பிடிபடாது. பாட்டிக்குத் தமிழ் காதில் விழ வேண்டும், பேத்திக்கு ஆங்கிலம் கண்ணில் பட வேண்டும். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தால்தான் அடுத்த எபிசோடுக்கும் திரும்பி வருவார்கள்.

யூடியூபின் தானியங்கி எழுத்து நம் கலப்புப் பேச்சில் தடுமாறும், அதை நம்பாதீர்கள். தனி ஃபைலாக ஏற்றும் ஆங்கில சப்டைட்டிலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பார்ப்பவர்தான் பொத்தானை அழுத்தி அதை வரவழைக்க வேண்டும், பலர் அழுத்துவதில்லை. எங்கள் யோசனை: ஆங்கிலத்தை வீடியோவின் மேலேயே பதித்துவிடுங்கள், தமிழை எஸ்ஆர்டி ஃபைலாக (வசனமும் அது வரும் நேரமும் எழுதிய ஃபைல்) தனியே ஏற்றுங்கள்.

ஒரு தடவைக்கு 2 வரி, வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. வினாடிக்கு 17 எழுத்து படிக்கலாம் என்பது ஒரு நல்ல அளவு. “ஏண்டி, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொன்னேன்ல?” என்று ஒருத்தி 2 வினாடியில் சொல்லி முடித்தால், ஆங்கிலத்துக்குக் கிடைப்பது இடைவெளியையும் சேர்த்து 34 எழுத்து. பால் அடுப்பில் இருக்கிறது, சொன்னேன் என்பது மட்டும் வந்தால் போதும். ‘ஏண்டி’யின் கோபத்தை அவள் முகம் காட்டிவிடும். அண்ணி, சித்தப்பா போன்ற முறைப்பெயர்களை அப்படியே விடுங்கள். அவை எல்லார் வீட்டிலும் புழங்குபவை.

எழுத்து படத்தின் அடி விளிம்பில் ஒட்டக் கூடாது, யூடியூபின் ஓடுகோடு அதை மறைத்துவிடும். உயரத்தில் பத்தில் ஒரு பங்கை அடியில் காலியாக விடுங்கள். எடிட்டிங் முழுக்க முடிந்த பிறகே சப்டைட்டில் வேலையைத் தொடங்குங்கள். பாதியில் 3 வினாடி வெட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வரியும் 3 வினாடி தள்ளிப் போய்விடும். டேட்டாவை மிச்சம் பிடிக்கப் பலர் 360பி-யில் பார்ப்பார்கள். எனவே அந்தத் தரத்தில், சின்னப் போனில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கதையில் வாட்ஸ்அப் சாட்டைக் காட்டும் ஷாட்கள் அங்கேதான் படிக்க முடியாமல் போகும்.

வெளியிடும் முன்

சுமாரான படத்தை மன்னிப்பார்கள், கேட்காத வசனத்தை மன்னிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் காலர் மைக் வையுங்கள், மொத்த ஒலியை மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் நிறுத்துங்கள். அதைவிட உரக்க வைத்தாலும் யூடியூப் குறைத்துவிடும்.

குறைந்தது 6 எபிசோடு கையில் இல்லாமல் முதல் எபிசோடை விடாதீர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வார இறுதியில் ஒரு நடிகர் வராவிட்டால் மூன்று வாரம் இடைவெளி விழும். அதற்குள் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். நீளம் 8 முதல் 12 நிமிடம். டைட்டில் இசை முதலில் வேண்டாம், சண்டையிலோ கேள்வியிலோ ஆரம்பித்து, டைட்டிலை 40ஆவது வினாடிக்குப் பிறகு போடுங்கள்.

ஏற்றும்போது ‘குழந்தைகளுக்கானது’ என்ற பெட்டியைக் கவனியுங்கள். குழந்தைகள் நடிக்கிறார்களே என்று சிலர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கமெண்ட் கிடையாது, பெல் அறிவிப்பும் கிடையாது. குடும்பக் கதைக்கு அது தேவையில்லை.

வாட்ஸ்அப்தான் வாசல்

நம் மக்கள் முதலில் பார்ப்பது குடும்பக் குரூப்பில்தான். முழு லிங்க்கை மட்டும் எறிந்தால் அது காலை வணக்கப் படங்களுக்கு இடையில் மூழ்கிவிடும். எபிசோடுக்கு ஒன்றாக 30 முதல் 45 வினாடி வரை செங்குத்தான கிளிப் வெட்டுங்கள். அதிலும் ஆங்கில எழுத்து பதிந்திருக்கட்டும், சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் அதிகம். பதில் தெரியாத இடத்தில் கிளிப்பை நிறுத்தி, அதன் கீழே பிளேலிஸ்ட் லிங்க்கைக் கொடுங்கள். தனி எபிசோடு லிங்க் கொடுத்தால் அடுத்து யூடியூப் வேறு யாருடையதையோ காட்டக்கூடும். பிளேலிஸ்ட்டில் உங்கள் அடுத்த எபிசோடே ஓடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அனுப்பியும் எதிரொலி இல்லை என்று பலர் சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம். முதலில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள், பிறகு அனுப்புங்கள்.

வெள்ளி மாலை கோயில் நேரம். ஞாயிறு மாலை 5 மணி நல்ல நேரம், அப்போது இந்தியாவில் இரவு எட்டரை. ஆடியில் ஊரெல்லாம் போரிட்ஜ் பிரேயர் (அம்மனுக்குக் கூழ் வார்ப்பது) நடக்கும், ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழா கூடும். அந்த நாட்களில் புது எபிசோடு விட வேண்டாம், ஒரு வாரம் முன்னால் விடுங்கள். கூட்டம் கூடும் இடத்தில் க்யூஆர் போஸ்டர் ஒட்டலாம், கோயில் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு. லோட்டஸ் எஃப்எம், ஹிந்த்வாணி வானொலிகள், வார இதழ் போஸ்ட் ஆகியவற்றுக்கு 200 வார்த்தையில் ஆங்கிலக் குறிப்பும் ஒரு நல்ல படமும் அனுப்புங்கள். நடிகர் எந்தப் பேட்டை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கணக்கும் காசும்

முதல் வாரத்தில் வியூ எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டைப் பாருங்கள்: 30ஆவது வினாடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சினார்கள், எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்கா முதலிடத்தில் இல்லாவிட்டால் தலைப்பும் தம்ப்நெயிலும் தவறானவர்களை அழைக்கின்றன. ஆட்கள் சரி, ஆனால் ஆரம்பத்திலேயே சரிகிறது என்றால் தொடக்கக் காட்சியை மாற்றி வெட்டுங்கள்.

விளம்பரப் பங்குக்கு 1000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்தது இந்த மணிக்கணக்கில் சேராது. ஒருவர் சராசரி 5 நிமிடம் பார்த்தால் அதற்கு 48,000 பார்வை தேவை. இந்தச் சின்னச் சமூகத்தில் அதற்கு நாளாகும். அதுவரை சேலைக் கடை, மசாலாக் கடை, சமையல் காண்ட்ராக்டர் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் எபிசோடுக்கு ஒருவராக விளம்பர அட்டைக்குப் பணம் கேளுங்கள். ஏற்றும்போது ‘கட்டண விளம்பரம் உள்ளது’ என்பதைக் குறியிட மறக்காதீர்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட விடாதீர்கள். உரிமையாளர் கோரினால் அந்த எபிசோடின் வருமானம் அவருக்குப் போகும். சில நாடுகளில் வீடியோவே தெரியாமல் போகலாம்.