லாவோ சட்ட ஆவணங்களில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாவோஸ் நாட்டுச் சட்டங்களைக் கணினியில் திரட்டும் வேலைக்கு வரும் புதியவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும்.

'கிடைக்கவில்லை' என்றால் இல்லை என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு நிறுவனம் நிலக் குத்தகை தொடர்பான அரசாணைகளைக் கேட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி, அரசாணையைக் குறிக்கும் 'தம்லட்' என்ற சொல்லை லாவோ எழுத்தில் தட்டித் தேடினார். வந்ததைப் பட்டியலாக்கி அனுப்பியும் விட்டார். ஒப்பந்த வரைவெல்லாம் முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஓர் ஆணையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து நீட்டினார். அந்தக் கோப்பு எங்கள் திரட்டிலேயே இருந்தது. வரைவை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. திட்டு யாருக்கு? எனக்குத்தான்.

நடந்தது இவ்வளவுதான். 'தம்' என்பதில் வரும் 'அம்' குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம். மேலே ஒரு சிறு வட்டம், பக்கத்தில் 'ஆ' குறி என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். நடுவில் தொனிக்குறி வந்தால் இன்னும் மோசம். அதைத் தட்டும் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும்.

சட்டம் என்பதற்கான 'கொட்மாய்' சொல்லிலும் இதே கதை. அதில் வரும் 'ஹோ', 'மோ' சேர்ந்த கூட்டெழுத்தைச் சிலர் ஒன்றாக எழுதுவார்கள், சிலர் பிரித்து எழுதுவார்கள். மாகாணத்தைக் குறிக்கும் 'குவேங்' சொல்லின் நெடில் குறிக்குப் பதிலாக 'ஏ' விசையை இரண்டு முறை தட்டுகிறவர்கள் ஏராளம். சட்டம், ஆணை, மாகாணம் என நமக்கு அதிகம் வேண்டிய மூன்று சொற்களுமே கைநழுவுகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவாக்க யூனிகோடில் நெறிப்படுத்தல் முறைகள் உண்டு. அவற்றில் என்எஃப்சி (NFC) இவை எதையும் தொடாது. என்எஃப்கேசி (NFKC) என்ற முறை 'அம்' குறியையும் கூட்டெழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். இரட்டை 'ஏ'யையும் தொனிக்குறி வரிசையையும் நீங்களேதான் விதி எழுதித் திருத்த வேண்டும். கோப்புகளுக்குச் செய்வதையெல்லாம் தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். அதை மறந்துவிட்டு 'இப்போதும் வரவில்லையே' என்று கேட்பவர்களும் உண்டு.

தமிழ் யூனிகோடுப் பழக்கத்தோடு உள்ளே நுழைவது

தமிழில் 'கெ' என்று தட்டினால் முதலில் 'க' பதிவாகும், கொம்பு பிறகுதான். லாவோவில் எழுத்துக்கு முன்னால் தெரியும் உயிர்க்குறி முன்னாலேயே பதிவாகிறது, டிஸ்கி (TSCII) என்ற நம் பழைய தமிழ்க் குறியீட்டு முறையின் எழுத்துருக்களில் இருந்ததைப் போல. குறியீட்டு எண்படி அகரவரிசைப்படுத்தினால் இந்தக் குறிகளில் தொடங்கும் சொற்களெல்லாம் கடைசியில் போய்க் குவியும். லாவோவுக்கான வரிசை விதியைப் போட்டுத்தான் அடுக்க வேண்டும். பல்லவ எழுத்தின் வழி வந்த எழுத்துதானே என்று உறவு கொண்டாடினால் இங்கே உதவாது.

தாய்லாந்து அகராதியை வைத்துச் சமாளிப்பது

பேச்சுக்கு ஓரளவு ஒத்துவரும், எழுத்துக்கு வராது. பாலி, சமஸ்கிருதச் சொற்களில் தாய்லாந்து மொழி காப்பாற்றி வைத்திருக்கும் ஊமை எழுத்துகளை லாவோ உதறிவிட்டு ஒலிப்படி எழுதுகிறது. 1975 புரட்சிக்குப் பின் 'ர' எழுத்தையும் கைவிட்டார்கள். அது பிறகு வெளிநாட்டுப் பெயர்களுக்காகத் திரும்பி வந்தது. மன்னராட்சிக் கால ஆவணங்களும் திரட்டில் இருந்தால் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

பழைய அரசியல் சட்டத்தை மேற்கோள் காட்டுவது

1991-இல் வந்தது, 2003, 2015, 2025-இல் திருத்தப்பட்டது. எந்த ஆண்டின் பிரதி என்று பார்க்காமல் பிரிவு எண்ணைக் குறிக்காதீர்கள்.

குடும்பப் பெயரால் அடுக்குவது

வேண்டாம். லாவோஸின் முன்னாள் அதிபர் கைசோன் போம்விஹானை அந்த நாடே கைசோன் என்ற முதற்பெயரால்தான் சொல்கிறது.

யூனிகோடு தரும் எழுத்துப் பெயரை நம்புவது

லாவோவின் 'ல', 'ர' எழுத்துகளுக்கான 'லோ லிங்', 'லோ லூட்' என்ற இரண்டு பெயர்களும் பட்டியலில் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி, அதனால் அப்படியேதான் இருக்கும். உருவத்தைப் பார்த்து எடுங்கள்.